கூரையில் நின்று கூப்பிட்ட பேர்

எக்கார்ட் மாப்பிள்ளை கொரியப் பேச்சைக் கற்றுக்கொண்டது பெண்டாட்டியிடம்தான். அதுவும் அவள் தங்கள் மகனைத் தூக்கி வளர்த்த காலத்தில், அவனைக் கொஞ்சியும் அதட்டியும் பேசியதைப் பக்கத்தில் இருந்து கேட்டே கற்றுக்கொண்டார். பிள்ளைகளிடம் பேசுகிற பேச்சைத் தவிர வேறு பேச்சு அவருக்குத் தெரியாது. ஜெர்மனியில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மிச்ச காலத்தைப் பெண்டாட்டி பிறந்த ஊரில் கழிக்கலாமென்று எங்கள் தீவுக்கு வந்து இறங்கிய அன்று, வரவேற்க வந்து நின்ற ஊர்ப் பெரியவரைப் பார்த்து, "வா, வா, சோறு தின்னியா? மூக்கைச் சிந்து" என்றார். பெரியவருக்கு அன்று சளி. கூட்டம் மூச்சுவிடாமல் நின்றது. பெரியவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திவிட்டு, "எங்க அம்மா போனப்புறம் என்னை யாருமே இப்படிக் கேட்டதில்ல" என்றார். அதோடு அவர் ஊருக்கு மாப்பிள்ளை ஆகிவிட்டார்.

பெண்டாட்டி என் சித்தி மகள். என் அம்மாவும் அவள் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். நானும் அதே சோல்மியில் பிறந்து, உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டு, அவர்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்கே வந்தேன். நடுவில் ஒரு கல்சுவர்தான். ஆகையால் மாப்பிள்ளைக்கு நான் மதினி. "மதினி, வா. மதினி, கையைக் கழுவு" என்பார். என் மருமகள் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அவருடைய நாட்டில் அவர் செய்த வேலை புகைபோக்கி துடைப்பது. அவர் அப்பனும் அதே வேலைதான். தலையிலிருந்து கால்வரை கறுப்பு உடுப்பு, வெள்ளி நிறத்தில் பித்தான்கள், தோளில் கம்பிச்சுருள். அந்த ஊரில் புகைபோக்கிக்காரனைக் காலையில் எதிரே பார்த்தால் நல்ல சகுனமாம். பித்தானைத் தொட்டுவிட்டுப் போவார்களாம். கூரையிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அங்கிருந்த நோயாளிகள் எல்லாரும் கட்டிலை விட்டு எட்டி எட்டி அவரைத் தொட்டார்களாம். அங்கே புதிதாக வேலைக்கு வந்திருந்த கொரியத் தாதி ஒருத்தி மட்டும், வாசலில் கறுப்பு உடுப்பைக் கண்டதும் கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டு அலறினாள். எங்கள் பக்கம் கறுப்பு உடுப்போடு வாசலில் வந்து நிற்கிறவன் சாவுத் தூதன் அல்லவா? அலறியவள்தான் என் தங்கை. "அவரு என்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தாரு அக்கா, ஆனா மேல இல்ல, கல்யாணத்துக்கு" என்று இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பாள்.

வந்த புதிதில் தரையில் உட்கார அவர் பட்ட பாடு ஊருக்கே வேடிக்கை. முழங்கால் மடங்காது. சாய்ந்து, சரிந்து, கடைசியில் மரம் விழுவதுபோல விழுவார். குனிந்து வணங்க வேண்டிய இடத்தில் கையை நீட்டுவார், கை கொடுக்க வேண்டிய இடத்தில் குனிவார். பெரியவர்கள் முன்னால் அரிசிக் கள் குடித்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தோம். அவர் முதுகையே திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பூண்டுத் தண்டும் உப்பிட்ட நெத்திலியும் அவருக்கு எப்படியோ பிடித்துப்போயிற்று. ரொட்டிக்கு மட்டும் ஏங்கினார்.

ஆனால் வேலை என்று வந்தால் அவருக்கு ஈடில்லை. எங்கள் வீடுகளில் அடுப்புச் சூடும் புகையும் தரைக்கு அடியில் கல்வழிகளில் ஓடி அறையைச் சூடாக்கிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கும் குட்டைப் புகைபோக்கி வழியாக வெளியேறும். தங்கை பிறந்த வீடு, அதாவது என் சித்தப்பா வீடு, வெகுகாலமாகப் பூட்டிக் கிடந்தது. ஒரே மகன் பட்டணத்துக்குப் போய்விட்டான். மாப்பிள்ளை அந்தத் தரையைப் பெயர்த்துக் கல்வழிகளைத் துடைத்து, மறுபடி மூடி, பின்னாலிருந்த புகைபோக்கியையும் எழுப்பிக் கட்டினார். எழுப்பியும் அது மூன்று வயதுப் பிள்ளையின் உயரம்தான் இருந்தது. பிறகு ஊரில் எல்லார் வீட்டுக்கும் போய் அவரே துடைத்துக் கொடுத்தார். கறுப்பு உடுப்பை மட்டும் போட்டுக்கொள்ளாதே என்று தங்கை சொல்லி வைத்திருந்தாள். சொல்லியும் என்ன, வேலை முடியும்போது கரி அப்பி எப்படியும் கறுப்பாகத்தான் வெளியே வருவார். கிழவிகள் சந்தில் ஒதுங்கிக்கொள்வார்கள்.

இனி பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளை பெண்டாட்டியை ஒக்பூன் என்று கூப்பிடுவார். ஆபீசிலும் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் அவள் பேர் ஒக்பூன். ஆனால் அது அவள் பேரில்லை. அவளுக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள். அவள்தான் ஒக்பூன். நானும் அவளும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். எங்கள் அம்மாக்கள் இருவரும் ஒன்றாக வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தவர்கள். தட்டம்மை வந்த வருஷம் அவள் போய்விட்டாள். நான் பிழைத்தேன். எனக்கு அவள் முகம் நினைவில்லை. யாராவது கூப்பிட்டால் அவள் குரல் கொடுப்பது மட்டும் கொஞ்சம் நினைவிருக்கிறது. எங்கள் பக்கம் பெரியவர்கள் கூப்பிட்டால் பிள்ளைகள் "யா" என்றுதான் சொல்ல வேண்டும். அவள் அதை நீட்டிச் சொல்வாள்.

அவ்வளவு சின்னதாகப் போகிற பிள்ளைக்கு எங்களில் எதுவும் கிடையாது. சமாதி மேடு கிடையாது, படையல் கிடையாது, அழுகை கிடையாது. விடிவதற்கு முன்னால் தகப்பன் பாயில் சுற்றிக்கொண்டு பைன் தோப்புக் கற்குவியலுக்குப் போவான். வெறுங்கையோடு திரும்புவான். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேரை எடுக்கக்கூடாது. சித்தப்பா திரும்பி வந்தார், பேரை எடுக்கவில்லை. ஆனால் தோணி ஏறி அக்கரைக்குப் போய் ஆபீசில் சாவைச் சொல்லவும் இல்லை. அடுத்தது பெண்ணாகப் பிறந்தபோது, எழுதின பேர் சும்மா தானே கிடக்கிறது என்று அதையே இவளுக்கு வைத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் பல வீட்டில் அப்படித்தான். வீட்டில் கூப்பிட மட்டும் தல்மாக் என்றார்கள். பெண்பிள்ளை இத்தோடு போதும் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் "ஒக்பூன்" என்று கூப்பிட, வாசலில் நின்ற சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டதை நானே பார்த்தேன். இளையவளுக்கு அக்காள் வயது கிடைத்ததால், வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுத்தபோது முன்கூட்டியே போக முடிந்தது. அந்தப் பேராலே அவளுக்கு நன்மைதான் நடந்தது.

எங்களுக்கு அவள் தல்மாக். மாப்பிள்ளைக்கு ஒக்பூன். அவர் எதிரில் நாங்கள் தல்மாக் என்றால், அது ஏதோ "தங்கச்சி" என்பதுபோல ஒரு உறவுச்சொல் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவளும் அப்படியே விட்டிருந்தாள்.

அறுவடைப் பண்டிகை நெருங்கிய சமயம். முந்தின வாரம் புயல் அடித்து வீட்டுக்கூரையில் ஓடுகள் நகர்ந்துவிட்டன. மாப்பிள்ளை கூரையில் ஏறி வேலை செய்துகொண்டிருந்தார். புகைபோக்கியையும் துடைத்திருந்தார் போல, முகமெல்லாம் கரி. தல்மாக் சிப்பி பொறுக்க, தண்ணீர் வடிந்து கிடந்த சேற்றுக் கடலுக்குப் போயிருந்தாள். எங்கள் ஊருக்குக் கடல் வடக்கே. மத்தியானம் திடீரென்று மூடுபனி இறங்கியது. கூடவே வடிந்த தண்ணீர் திரும்பி ஏறும் நேரம். கூரையில் இருந்தவருக்குச் சேறு மறைந்துபோனது தெரிந்திருக்கிறது. பயந்துபோனார். கொடியில், பண்டிகைக்கு உடுத்தவென்று தங்கை காற்றாட விட்டிருந்த வெள்ளை மேல்சட்டை தொங்கியது. ஏணியில் பாதி இறங்கி அதை இழுத்துக்கொண்டு மறுபடி மேலே போனார். வெள்ளை தூரத்துக்குத் தெரியும் என்று கணக்கு. அவருக்கு இடதுகைப் பழக்கம். இடதுகையில் கழுத்துப்பட்டையையும் வலதுகையில் கீழ் ஓரத்தையும் பிடித்து, வடக்கே பார்த்து நின்று, சட்டையை வீசி வீசி, "ஒக்பூன், திரும்பி வா" என்று மூன்று தரம் கூப்பிட்டார்.

நான் பூண்டு நட்டுக்கொண்டிருந்தேன். வயலில் இருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தோம்.

எங்களில் ஒருத்தர் மூச்சு அடங்கினால் முதலில் செய்வது இதுதான். செத்தவர் உடுத்தின மேல்சட்டையை எடுத்துக்கொண்டு ஒருவன் கூரையில் ஏறுவான். இடதுகையில் கழுத்து, வலதுகையில் இடுப்பு. வடக்கே பார்த்துப் பேரைச் சொல்லி, திரும்பி வா என்று மூன்று தரம் கூப்பிடுவான். போன உயிர் அதற்கும் திரும்பவில்லை என்றால் பிறகுதான் அழுகை. இந்த மனுஷன் அதில் ஒன்றையும் விடவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்காமலே எல்லாம் சரியாகச் செய்தார். உடம்பெல்லாம் கரி வேறு.

"தல்மாக் போய்ட்டா" என்று பக்கத்து வரப்பில் யாரோ சொன்னார்கள். நாங்கள் கையில் மண்ணோடு ஓடினோம். ஓடும்போதே பெண்கள் ஒப்பாரியை எடுத்துவிட்டார்கள். பொங்சான் வீட்டம்மா எங்களுக்கெல்லாம் முன்னால் வந்துவிட்டாள். பொங்சான் அவள் பிறந்த ஊர். எங்கள் பக்கம் வாழ வந்தவளை அப்படித்தான் கூப்பிடுவது. ஊரில் எந்தச் சாவுக்கும் முறை தெரிந்தவள் அவள். தன் வீட்டுச் சோற்றுப்பானையோடு வந்து, சாவுத் தூதர் மூவருக்கும் மூன்று கிண்ணம் சோறும் மூன்று ஜோடி செருப்பும் வாசலில் வைத்தாள். சோறு தின்று செருப்பு மாட்டிக்கொண்டு, கூட்டிப் போகிறவளை வழியில் நோகடிக்காமல் கூட்டிப் போகட்டும் என்பதற்காக.

முற்றத்தில் நாங்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருக்கும்போது, முழங்கால்வரை சேற்றோடு, இடுப்பில் சிப்பிக்கூடையோடு தல்மாக் வந்து நின்றாள். "யார் செத்தது?" என்றாள்.

என் கொழுந்தன் பெண்டாட்டி, "நீதான்டி" என்றாள்.

அப்புறம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. அழுத கண்ணீரைத் துடைக்காமலே சிரித்தோம். மாப்பிள்ளை கையில் சட்டையோடு நடுவில் நின்று ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தார். தங்கை அவர் பாஷையில் விளக்கினாள். அவருக்குக் காது சிவந்துவிட்டது. பிறகு ஒன்று சொன்னார். தான் பயந்தது உண்மை, ஆனால் மூன்றாம் தரம் கூப்பிட்டதும் அவள் பதில் சொல்லிவிட்டாள், அதனால்தான் நிம்மதியாக இறங்கி வந்தேன் என்றார்.

தங்கை சிரிப்பை நிறுத்தவில்லை. "நான் அந்தப் பாறைக்கு அங்கிட்டு இருந்தேன். எனக்கு ஒரு சத்தமும் கேக்கலையே" என்றாள்.

"சொன்னே. 'யா'ன்னு சொன்னே" என்றார் அவர். அவர் நாட்டிலும் ஆமாம் என்பதற்கு யா என்றுதான் சொல்வார்கள். வீட்டில் அவர்கள் இருவரும் பேசுவது அந்தப் பாஷைதான். எங்கிருந்து கேட்டது என்று நான் கேட்டேன். அவர் கடல் பக்கம் கையைக் காட்டவில்லை. முதுகுக்குப் பின்னால், புகைபோக்கிப் பக்கம் காட்டினார்.

பொங்சான் வீட்டம்மா வாசலுக்குப் போய்க் கிண்ணங்களை எடுத்தாள். நடுக் கிண்ணத்தின் சோற்றில் ஒரு சின்னக் குழி. மூன்று விரலால் கிள்ளி எடுத்ததுபோல. நாய் என்றார் ஒருவர். இன்னொருவர் காக்கை என்றார். கிண்ணத்துக்கு வெளியே ஒரு பருக்கைகூடச் சிந்தவில்லை.

அதற்குப் பிறகு பண்டிகை வந்தது, போயிற்று. அரிசிக் கொழுக்கட்டை பிடித்தோம். மாப்பிள்ளை பிடித்தது ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருந்தது. ஒரு நாள் சுவருக்கு அந்தப்புறம் நின்று அவர் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்: ஒக்பூனுக்கு இந்த ஊர் ஒத்துக்கொண்டது, கால் சுறுசுறுப்பாகிவிட்டது, முன்னெல்லாம் இரண்டு தரம் கூப்பிட வேண்டும், இப்போது கூப்பிட்டு வாய் மூடுவதற்குள் பின்கட்டிலிருந்து யா என்கிறாள். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது தல்மாக் என் பக்கத்தில் குந்தி என்னோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

அவர் போனபிறகு, "ஏட்டி, நெசமா?" என்றேன்.

"அவரு கூப்பிடுதாரு. நான் வாயைத் திறக்கேன். அதுக்குள்ள பதில் சொல்லி முடிஞ்சிருது அக்கா. அப்புறம் நான் என்னத்தைச் சொல்ல?" என்றாள்.

அவளுக்கும் கேட்கிறதா என்று கேட்டேன். கேட்கிறது என்றாள். யார் குரல் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இருவருக்கும் தெரியும்.

குளிர் தொடங்கியதிலிருந்து அவள் தேய ஆரம்பித்தாள். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. சோறு இறங்கவில்லை. அறைக்குள் சூடான தரையில் சுருண்டு படுத்திருப்பாள். நாம் பேசினால் சற்றுப் பொறுத்து, வேறு யாராவது பதில் சொல்கிறார்களா என்று பார்ப்பதுபோல இருந்துவிட்டுப் பிறகு பேசுவாள். கடைசியில் அதுவும் குறைந்தது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் படம் பிடித்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். "முப்பது வருசம் தாதியா இருந்தேன். ஒரு நோயும் இல்லாத நோயாளியை இப்பத்தான் பாக்கேன்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் காற்றுத்தான் இருந்தது. தைமாதக் குளிரைத் தாண்ட மாட்டாள் என்று நான் நினைத்தேன். மாப்பிள்ளைக்கும் அந்தப் பயம் வந்துவிட்டது. பயம் வர வர அவர் இன்னும் கூடுதலாகக் கூப்பிட்டார். கிணற்றடியிலிருந்து கூப்பிடுவார், விறகுக் கொட்டகையிலிருந்து கூப்பிடுவார். பதில் வந்துகொண்டே இருந்தது. பதில் வந்துவிட்டதே என்று அவரும் அறைக்குள் போய்ப் பார்க்க மாட்டார்.

நான் பொங்சான் வீட்டம்மாவிடம் போனேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டே எல்லாம் கேட்டாள்.

"அந்தப் பிள்ளைக்குக் கூரைக் கூப்பாடு உண்டா அப்போ?" என்றாள்.

"சின்னப் பிள்ளைக்கு யார் கூப்பிடுவா?"

"அம்புட்டுத்தான். இத்தனை வருசமா யாரும் கூப்பிடல. உன் மாப்பிள்ளை கூப்பிட்டுட்டாரு. அதுவும் எப்படி? பெண்டாட்டியைக் கூப்பிட்ட மாதிரியா இருந்துச்சு? பிள்ளையைச் சோறு திங்கக் கூப்பிட்ட மாதிரில்லா இருந்துச்சு. அது வந்துட்டுது. அதைக் குத்தம் சொல்ல முடியுமா?"

அதை விரட்ட முடியாதா என்று கேட்டேன். எங்கே விரட்டுவது, அது அது பிறந்த வீடு என்றாள். பேர் பேருக்கு உடையவளிடம் போய்விட்டது. இவளுக்கு இவள் பேரைக் கொடுக்க வேண்டும். கட்டினவன் வாயால் கொடுக்க வேண்டும். கூரையில் ஏறாமல் வாசலில் நின்று கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் கூப்பிடக் கூப்பிட இவள்தான் கரைவாள் என்றாள்.

இதை அவரிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. சேற்றுக் கடலைப் பார்த்தபடி கரையில் உட்கார்ந்து சொன்னேன். மூத்தவள் ஒருத்தி இருந்தாள் என்பதே அவருக்குத் தெரியாது. பெண்டாட்டி பேர் வேறொருத்தி பேர் என்பதும் தெரியாது. கல்யாணம் கட்டிக் கிட்டத்தட்ட நாற்பது வருஷம் ஆகிறது. முதலில் கோபப்பட்டார். என் பெண்டாட்டி பேர் ஒக்பூன், எனக்கு அந்த ஒரு பேர்தான் தெரியும், கோயிலில் வைத்து அந்தப் பேரைச் சொல்லித்தான் கட்டினேன் என்றார். தண்ணீர் ஏறிவந்து எங்கள் கால் பக்கத்துக் கற்களை நனைத்தது.

"மதினி, நான் இத்தனை நாளும் கூப்பிட்டது யாரை?" என்றார்.

"இனிமே கூப்பிட வேண்டியது யாரைன்னு பாருங்க" என்று சொன்னேன்.

அன்று முழுக்க அவர் விறகுக் கொட்டகையில் உட்கார்ந்து அந்தப் பேரைச் சொல்லிப் பழகினார். எங்கள் 'த' அவர் நாக்குக்கு வரவில்லை. டால்மார்க் என்றார். மார்க் என்பது அவர் நாட்டுப் பழைய பணமாம். நானும் என் மருமகளும் சுவருக்கு இந்தப்புறம் நின்று திருத்தினோம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை.

மறுநாள் வெயில் ஏறியதும் வாசற்கல்லில் வந்து நின்றார். தலையை வாரி, சுத்தமாகக் குளித்து, கரி இல்லாமல் நின்றார். பொங்சான் வீட்டம்மா முற்றத்து மூலையில் நின்றாள். நான் வீட்டைச் சுற்றிப் போய்ப் புகைபோக்கி தெரிகிற இடத்தில் நின்றேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, புகை நேராகப் போயிற்று.

"டல்மாக்" என்று கூப்பிட்டார்.

ஒன்றும் கேட்கவில்லை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

மறுபடி கூப்பிட்டார். அப்போதும் இல்லை. புகைபோக்கிப் புகை நின்றுவிட்டது. அடுப்பு அணையவில்லை, புகை மட்டும் நின்றது. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பதுபோல.

மூன்றாம் தரம் அவர் குரல் உடைந்துவிட்டது. ஆனால் பேர் சரியாக வந்தது. "தல்மாக். வா. சோறு தின்ன வா."

அறைக்குள்ளிருந்து, "ஏன் இப்படிக் கத்துதீங்க? எனக்குக் காது கேக்கும்" என்று குரல் வந்தது. "உங்க ஊர்ப் பணத்தை எம் பேர்ல ஒட்ட வேண்டாம்."

அவர் வாசற்கல்லில் உட்கார்ந்துவிட்டார். அன்று அவள் அரைக்கிண்ணம் கஞ்சி குடித்தாள். குளிரையும் தாண்டினாள்.

அதன்பிறகு ஒன்பதோ பத்தோ வருஷம் இருந்தாள். நல்லபடியாகவே இருந்தாள். சிப்பி பொறுக்கினாள், பூண்டு பின்னினாள், ஊர்க் கிழவிகளுக்கு ஊசி போட்டாள். மாப்பிள்ளை தவறியும் பழைய பேரைச் சொன்னதில்லை. சொல்ல வந்து நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். பண்டிகைக் காலைகளில் புகைபோக்கி அடியில் ஒரு சின்னக் கிண்ணத்தில் சோறு வைப்பார்கள். பேர் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் வருவார்கள். பின்கட்டு சத்தமில்லாமல் இருந்தது.

பூண்டு முற்றிய மாதம் ஒன்றில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவள் எழுந்திருக்கவில்லை. இந்தத் தடவை மெய்யாகவே. கூரையில் ஏற இளவட்டங்கள் இருந்தார்கள். மாப்பிள்ளை விடவில்லை. எண்பதுக்குக் கிட்ட வந்த மனுஷன், அதே வெள்ளை மேல்சட்டையோடு, முன்னாலும் பின்னாலும் ஆட்கள் பிடிக்க ஏறினார். என்ன பேர் சொல்லப்போகிறாரோ என்று ஊரே அண்ணாந்து பார்த்தது. தல்மாக் என்று மூன்று தரம் கூப்பிட்டார். எந்த எழுத்தும் தப்பாமல் கூப்பிட்டார். எந்தப் பதிலும் வரவில்லை. நாங்கள் அழுதோம்.

மகன் ஹான்னோ ஜெர்மனியிலிருந்து வந்து காரியமெல்லாம் முடித்து, அப்பாவைக் கூடவே அழைத்துப் போகப் பெட்டி கட்டினான். தனியாக இங்கே என்ன செய்வார், இது அவர் நாடு இல்லையே என்று என்னிடம் வருத்தப்பட்டான். நானும் போவதுதான் நல்லது என்றேன். புறப்படுகிற நாளுக்கு முன்னால், சாயங்காலம், மாப்பிள்ளை முற்றத்தில் நின்று அவிழ்ந்து கிடந்த கொடிக்கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் சுவர் ஓரத்தில் நின்றேன். நாற்பது வருஷப் பழக்கம் எங்கே போகும்? கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டி, யோசிக்காமல், மெல்ல, "ஒக்பூன்" என்றார்.

"யா" என்றது பின்னாலிருந்து. நீட்டிச் சொன்னது.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வீட்டைச் சுற்றிப் பின்னால் போனார். இருட்டும்வரை வரவில்லை.

மகன் தனியாகத்தான் போனான். "சின்னப் பிள்ளையைத் தனியா விட்டுட்டு எப்படி மதினி போறது?" என்று மாப்பிள்ளை என்னிடம் கேட்டார். "பயப்படாதே மதினி. ரொம்பச் சின்னப் பிள்ளை. பேச்சுக்கூட நான் பேசுற மாதிரிதான் பேசுது."

அன்றிலிருந்து சாயங்காலமானால் அடுப்பு மூட்டிவிட்டுக் கூப்பிடுவார். ஊரில் ஒருத்தரும் ஒன்றும் சொல்வதில்லை. பொங்சான் வீட்டம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள், கேட்க ஆளில்லை. அவர் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறார். எனக்குத்தான் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. பெண்டாட்டிக்கு மூத்தவளை எந்த மாப்பிள்ளை பேர் சொல்லிக் கூப்பிடுவான்? சின்னதாகப் போனாலும் அவள் மூத்தவள்தானே. உறவுமுறை என்று ஒன்று இருக்கிறதே. போன மாதம் அவரிடம் அதைச் சொன்னேன். நான் எப்படி உங்களுக்கு மதினியோ அப்படித்தான் அவளும், எங்கள் இருவருக்கும் ஒரே வயது, பேர் சொல்வது மரியாதை இல்லை என்றேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். முறை என்று சொன்னால் மறுக்க மாட்டார். வந்த நாளிலிருந்தே அப்படித்தான்.

அன்று சாயங்காலம் நான் சுவருக்கு இந்தப்புறம் கீரை அலசிக்கொண்டிருந்தேன். அவர் முற்றத்தில் நின்று, நான் சொல்லிக் கொடுத்தபடியே, "மதினி" என்று கூப்பிட்டார். என்னைத்தான் கூப்பிடுகிறாரென்று நினைத்து வாயைத் திறந்தேன். அதற்குள் அங்கே பதில் சொல்லி முடிந்திருந்தது.

இப்போதெல்லாம் சுவருக்கு அந்தப்புறம் அவர் காலடி கேட்டாலே, அவர் கூப்பிடுவதற்கு முன்னாலேயே "யா, யா" என்று சொல்லிவிடுகிறேன். மருமகள் சிரிக்கிறாள். யாரும் கூப்பிடாமலே பதில் சொல்லத் தொடங்கிவிட்டேனாம்.